கடலைக்குத் துரு, எள்ளுக்கு வேரழுகல்: விதையிலேயே எதிர்ப்பு கிடைக்குமா? இராமநாதபுரம் கடலோர விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவிபட்டினத்தில் தொடங்கி உச்சிப்புளி, திருப்புல்லாணி, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் நிலக்கடலை, எள், தென்னை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "நோயே வராத விதை இருக்கா?" நேரான பதில், நோயைப் பொறுத்தது என்பதுதான். இலையில் வரும் நோய்க்கு விதையிலேயே நல்ல பதில் இருக்கிறது. வேரில் வரும் நோய்க்கு விதையை மட்டும் நம்பினால் நட்டம். எது எதற்கு என்பதைக் கீழே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

"நோய் எதிர்ப்பு ரகம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அறுபதாம் நாள் பார்த்தா இலைக்கு அடியில துரு. ஏமாத்திட்டாங்களா?"

அநேகமாக இல்லை. கடலையில் துருவுக்கு எதிர்ப்பு என்பது, நோய் அண்டவே அண்டாது என்ற பொருளில் வருவதில்லை. துரு ஒரு பூஞ்சாண நோய்; காற்றில் வரும் அதன் வித்து எல்லா ரகத்து இலையிலும்தான் விழும், முளைக்கும், உள்ளேயும் போகும். வேறுபாடு அதற்குப் பிறகுதான். எதிர்ப்புள்ள ரகத்தில் கொப்புளம் வெளியே வரக் கூடுதல் நாள் பிடிக்கும். வருகிற கொப்புளம் எண்ணிக்கையில் குறைவாக, அளவில் சிறிதாக இருக்கும். பல கொப்புளங்கள் வெடிக்காமலே நின்றுவிடும். வெடித்தாலும் அதிலிருந்து பறக்கிற வித்து கொஞ்சம்தான்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு கணக்குக்கு, சாதாரண ரகத்தில் பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்று துரு பெருகுகிறது. எதிர்ப்புள்ள ரகத்தில் அதற்குப் பதினைந்து நாள் ஆகிறது என்று வையுங்கள். அறுபது நாளில் ஆறு தலைமுறைக்குப் பதில் நான்குதான். ஒவ்வொரு தலைமுறையிலும் வித்தும் குறைவு என்றால், அறுவடை சமயத்தில் ஒரு காடு கருகி நிற்கும், பக்கத்துக் காட்டில் பச்சை மிச்சமிருக்கும். கடலையில் காய் முற்றுவது கடைசி முப்பது நாளில். அதுவரை இலை நிற்பதுதான் மகசூல். ஆகவே, துரு தெரிகிறதா என்று பார்ப்பதைவிட, எண்பதாம் நாளில் எத்தனை இலை பச்சையாக நிற்கிறது என்று பாருங்கள்.

துருவா, டிக்காவா? எல்லாம் புள்ளியாகத்தானே தெரிகிறது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், விரலால் தடவினால் செங்கல் பொடிபோல ஒட்டுகிறது என்றால் துரு. புள்ளி கரியைப் போலக் கறுத்து, அடிப்பக்கம் தொட்டால் சொரசொரவென்று இருந்தால் பின்பருவ இலைப்புள்ளி. புள்ளி பழுப்பாக இருந்து அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரிந்தால் முன்பருவ இலைப்புள்ளி. கடைசி இரண்டையும் சேர்த்துத்தான் நம் ஊரில் டிக்கா என்கிறோம்.

இன்னொரு அடையாளம் உண்டு. இலைப்புள்ளி பிடித்த இலை உதிர்ந்துவிடும். செடி குச்சியாக நிற்கும். துரு பிடித்த இலை காய்ந்தாலும் செடியிலேயே சுருண்டு தொங்கும். பின்பருவப் புள்ளியும் துருவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டும் முற்றினால் பாதி மகசூல் போவது சாதாரணம். ஆட்டுக்குப் போட வைத்திருக்கும் கொடியும் சேர்ந்து கெடும். இந்தப் பக்கம் பலருக்கு அது காய்க்கு அடுத்த வருமானம், அந்த நட்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எது என்று தெரியாமல் "எதிர்ப்பு ரகம் வேணும்" என்று அரசு விதை டிப்போவில் போய் நின்றால் பயனில்லை. துருவைத் தாங்குகிற ரகம் முன்பருவப் புள்ளியைத் தாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வானம் பார்த்த பூமி இது. மழையே குறைவு. பூஞ்சாணம் எப்படி இவ்வளவு வருகிறது?

பூஞ்சாண வித்து முளைக்க மழை வேண்டாம். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையோடு பயிர் எழும்புகிறது. மழை விட்ட பிறகு மார்கழி, தைப் பனி. கடற்காற்றின் ஈரம் சேர்ந்து, காலை எட்டு மணிவரை இலையில் நீர் கோத்து நிற்கும். பகல் வெப்பம் 30 டிகிரிக்குள். துருவுக்கும் பின்பருவப் புள்ளிக்கும் 20 முதல் 30 டிகிரியும் ஈர இலையும் சேர்ந்தால் அதுதான் திருவிழா. அதனால்தான் மழை ஓய்ந்த பிறகு நோய் கூடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அவர்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

மாசி, பங்குனி வந்து பனி நின்று மண் சூடேறினால் கதை தலைகீழாகும். இலை நோய் அடங்கும், வேரழுகல் கிளம்பும். ஒரே காட்டில், ஒரே பருவத்தில், இரண்டு எதிரெதிர் குணமுள்ள எதிரிகள். இந்தக் கரையின் சிக்கலே இதுதான்.

கடலைக்கு இந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

தென் அமெரிக்காவிலிருந்து. கடலையின் சொந்த ஊரும் அதுதான், துருவின் சொந்த ஊரும் அதுதான். 1969க்கு முன்னால் கடலைத் துரு பெரும்பாலும் தென், மத்திய அமெரிக்காவோடு நின்றிருந்தது. அதன்பிறகு சில ஆண்டுகளுக்குள் ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. நம் தாத்தா காலத்து ரகங்கள் இந்த நோயைப் பார்த்ததே இல்லை. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 எவ்வளவு நல்ல ரகம்! ஆனால் ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், நோய்ச் சோதனை வயலில் நோயைப் பரப்பிவிடுவதற்கென்றே இடையிடையே அதைத்தான் வரிசையாக விதைத்தது. அவ்வளவு எளிதாக அதற்குத் துரு பிடிக்கும்.

கடலைக்கு இயல்பாகவே எதிர்ப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பு. இரண்டு காட்டு இனங்கள் எப்போதோ ஒருமுறை கலந்து, குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) இரட்டித்து, 40 குரோமோசோமோடு பிறந்தது கடலை. காட்டு இனங்களுக்கு 20தான். எண்ணிக்கை மாறிவிட்டதால் சொந்தக்காரர்களோடு மறுபடி கலக்க முடியாமல் போனது. உலகத்தில் உள்ள கடலை எல்லாம் அந்த ஒரு சிறிய குடும்பத்தின் வாரிசுகள்தாம். பார்க்க எத்தனை விதமாக இருந்தாலும் உள்ளே சரக்கு கொஞ்சம்தான்.

பெரு நாட்டின் நாட்டுக் கடலைகள் சிலவற்றில் துரு எதிர்ப்பு இருந்தது. ஆனால் ஓடு தடிமன், பருப்பு குறைவு, வயது அதிகம். அதை எந்த வியாபாரி வாங்குவார்? நல்ல வழி பொலிவியாவின் காட்டுக் கடலை ஒன்றிலிருந்து வந்தது. அராக்கிஸ் கார்டெனாசி என்பது அதன் பெயர். 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இதைப் பயிர்க்கடலையோடு கலந்தார்கள். பிறந்த கலப்பினச் செடி மலடு. அதன் குரோமோசோம்களைக் கொல்கிசின் என்ற மருந்தால் இரட்டித்து 60 ஆக்கினார்கள். பிறகு பல தலைமுறை விதைத்துப் பார்த்ததில், வேண்டாத குரோமோசோம்கள் தாமாகவே உதிர்ந்து மறுபடி 40க்கு வந்த செடிகள் கிடைத்தன. அவற்றில் காட்டுக் கடலையின் சில துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. (கொல்கிசின் நமக்கு அந்நியம் இல்லை. நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுப்பது அதுதான்.)

அந்த விதைகள் ஆராய்ச்சியாளர் கைமாறி இக்ரிசாட் வந்தன. அங்கிருந்து கர்நாடகத்தின் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே கே.ஆர்.ஜி. 1 என்ற ரகத்தையும் காட்டுக் கடலை வழிவந்த சி.எஸ். 16 என்ற வரிசையையும் கலந்து ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். துருவையும் பின்பருவப் புள்ளியையும் சேர்த்துத் தாங்குகிற கொத்து ரகம். இன்று இந்தியாவில் கடலை இலைநோய் எதிர்ப்பு என்று பேசினால் அதில் பெரும்பகுதி இந்த ஒரு வழியில் வந்ததே.

அப்படியென்றால் இது பி.டி. பருத்தி மாதிரி மரபணு மாற்றிய பயிரா?

இல்லை. மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, பொறுக்கிய பயிர். இந்தியாவில் விவசாயி விதைக்க அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பருத்தி ஒன்றுதான். எண்ணெய் வித்தில் டி.எம்.எச். 11 என்ற கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு சொன்னார்கள். அந்தக் கடுகும் வீரிய ஒட்டு விதை தயாரிப்பதற்காக மாற்றியது. நோய் எதிர்ப்புக்காக அல்ல.

கடலைப் பூவில் கலப்பு செய்வது எப்படி? அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் ஆச்சே?

அதனால்தான் வேலை கஷ்டம். நாளை காலையில் விரியப்போகிற மொட்டை இன்று சாயந்திரமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் மேலிதழை விரித்து, உள்ளே படகு மாதிரி மூடியிருக்கும் இதழைப் பின்னுக்குத் தள்ளி, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் கலப்பு கெட்டது. பூவின் காம்பு மாதிரித் தெரிகிற நீளக் குழல் நூல் கனம்தான், அசைத்தால் ஒடியும். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன், ஆண் ரகத்தின் பூவைக் கிள்ளி வந்து மகரந்தத்தைத் தடவ வேண்டும். பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். பிறகு அந்தப் பூவிலிருந்து இறங்கும் விழுதுக்கு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும், ஏனென்றால் காய் மண்ணுக்குள் போய்விடும். இத்தனை பாடுபட்டு ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பருப்பு. ஒரு புது ரகம் வெளிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஏன் ஆகிறது என்று கேட்பவர்கள் இந்த வேலையை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

"மார்க்கர் வைத்துத் தேர்வு செய்த விதை" என்கிறார்களே, அது என்ன?

முன்பெல்லாம் எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரிய, செடியை வளர்த்து, நோயை வரவழைத்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். 1 என்றால் நோயில்லை, 9 என்றால் ஏறத்தாழ முழு இலையும் போச்சு. நோய் வராத வருஷத்தில் ஒன்றும் தெரியாது.

ஜி.பி.பி.டி. 4இன் துரு எதிர்ப்பு, மூன்றாம் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செடிக்குச் செடி துருவில் தெரியும் வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரு பகுதியைப் பொறுத்தது. அந்த இடத்துக்கு அருகில் உள்ள மரபணு அடையாளம்தான் மார்க்கர். முளைத்து இரண்டு வாரம் ஆன செடியிலிருந்து இலையில் ஒரு சின்னத் துண்டு கிள்ளிப் பரிசோதித்தால் எதிர்ப்புப் பகுதி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லாத செடியை அப்போதே பிடுங்கிவிடலாம்.

இந்த முறையில் டி.ஏ.ஜி. 24, ஜே.எல். 24, ஐ.சி.ஜி.வி. 91114 ஆகிய மூன்று பழகிய ரகங்களுக்குள் இக்ரிசாட் அந்தப் பகுதியைப் புகுத்தியது. முடிவுகள் 2014இல் வெளியாயின. பழைய ரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்வதால், காட்டுக் கடலையின் வேண்டாத குணங்கள் கழிந்து, நமக்குப் பழக்கமான காயும் வயதும் மிஞ்சும். வியாபாரி காயை உடைத்துப் பார்த்து விலை சொல்கிற ஊரில் இது முக்கியமான விஷயம்.

எதிர்ப்பு சில வருஷத்தில் செத்துவிடும் என்கிறார்கள். நிஜமா?

எந்த வகை எதிர்ப்பு என்பதைப் பொறுத்து. இதைப் புரியவைத்த ஆராய்ச்சி நடந்ததே ஓர் எண்ணெய் வித்தில்தான். 1940களில் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹெரால்டு ஃப்ளோர் என்பவர் ஆளிவிதைச் செடியின் துருவை ஆராய்ந்தார். செடியில் உள்ள ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சாணத்தில் அதற்கு நேரான ஒரு மரபணு இருப்பதைக் கண்டார். முகம் பார்த்து ஆளைத் தடுக்கும் காவல்காரன் மாதிரி: தெரிந்த முகம் வந்தால் தடுத்துவிடுவான், வந்தவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் உள்ளே விட்டுவிடுவான். பூஞ்சாணத்தில் அந்த ஒரு மரபணு மாறினால் போதும், செடியின் எதிர்ப்பு முழுக்கப் பயனற்றதாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் கனோலா கடுகுக்கு இதுதான் நடந்தது. சர்பாஸ் 400 என்ற ரகம் 2000இல் சந்தைக்கு வந்தது. கறுங்கால் என்ற பூஞ்சாண நோயை அறவே அண்டவிடாத எதிர்ப்பு. ஒரே முக்கிய மரபணு. எல்லோரும் அதையே விதைத்தார்கள். 2003இல் தென் ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்தில் அந்த எதிர்ப்பு உடைந்தது. சில வயல்களில் பயிர் ஏறத்தாழ முழுதும் போனது.

கடலையில் நான் முதலில் சொன்ன, நோயைத் தாமதப்படுத்தும் எதிர்ப்பு அவ்வளவு சுலபமாக உடைவதில்லை. பூஞ்சாணம் முழுதாகத் தடுக்கப்படாததால் அதற்கு வேஷம் மாற்றும் நெருக்கடி குறைவு. அப்படியும், தேசம் முழுக்க ஒரே காட்டுக் கடலையின் துண்டை நம்பியிருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். வேறு காட்டு இனங்களிலிருந்தும் எதிர்ப்பை எடுக்கும் வேலை நடக்கிறது. விவசாயி செய்யக்கூடியது, ஊர் முழுக்க ஒரே ரகத்தைப் போடாமல் இருப்பது. அறுவடைக்குப் பிறகு தானாக முளைத்து நிற்கும் கடலைச் செடிகளைப் பிடுங்கிவிடுவது. துரு அடுத்த பருவம் வரை உயிர்வாழ்வதே அந்தத் தான்முளைச் செடிகளில்தான்.

எள்ளுக்கு வேரழுகல். திட்டுத்திட்டாகச் செடி பட்டுப்போகிறது. இதற்கு ரகம் உண்டா?

இங்கேதான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. பட்டுப்போன செடியைப் பிடுங்கித் தண்டின் அடியைக் கீறிப் பாருங்கள். உள்ளே கரித்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மேக்ரோஃபோமினா என்ற பூஞ்சாணம். கடலையில் வேர் பட்டுப்போவதற்கும் பல இடங்களில் இதுவே காரணம்.

இலைத்துரு மாதிரி ஒரு பயிரை மட்டும் தேடி வருவதில்லை இது. 500க்கு மேற்பட்ட செடியினங்களில் பிழைக்கும். அந்தக் கறுப்புத் துகள்கள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். செடி நன்றாக இருக்கும்வரை சும்மா இருந்து, மண் 30, 35 டிகிரிக்குச் சூடேறித் தண்ணீர் இல்லாமல் செடி வாடும்போது புகும். ஒரு மரபணு வைத்து இதைத் தடுக்க முடியாது. எள்ளில் இதற்குள்ள எதிர்ப்பு, சின்னச் சின்னப் பங்காகப் பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது; ரகத்துக்கு ரகம் பட்டுப்போகும் அளவில் வித்தியாசம் தெரியும், ஆனால் உறுதியான பாதுகாப்பு எதிலும் இல்லை. "வேரழுகலே வராது" என்று யாராவது எள் விதை விற்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது மண்ணில். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து விதையுங்கள். மக்கிய தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மாவைக் கலந்து நிலத்திலும் இடுங்கள். கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்து போட்ட விதையில் டிரைக்கோடெர்மாவையும் சேர்க்காதீர்கள். முதலாவது இரண்டாவதைக் கொன்றுவிடும். பூ எடுக்கும் சமயத்தில் கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ தண்ணீர் இருந்தால் ஒரு நனைப்புக் கொடுங்கள். எந்த ரகமும் தராத பாதுகாப்பை அந்த ஒரு தண்ணீர் தரும்.

எள்ளில் பூவுக்குப் பதில் பச்சை இலைக்கொத்து வருகிறதே, அதுவும் பூஞ்சாணமா?

இல்லை. அது தத்துப்பூச்சி பரப்பும் வேறு வகை நுண்ணுயிரி நோய். பூஞ்சாண மருந்து அடித்தால் காசுதான் வீண். செடியைப் பிடுங்குங்கள், பூச்சியைக் கவனியுங்கள்.

கடற்கரை மணலில் எள் மாதிரிப் பூத்துப் படர்ந்து கிடக்கும் செடி எதற்காவது ஆகுமா?

ஆகும், ஆனால் நாளை மறுநாள் இல்லை. சோழமண்டலக் கரை மணலில் தரையோடு படரும் காட்டு எள் ஒன்று உண்டு, செசமம் புரோஸ்ட்ரேட்டம். உப்புக் காற்றிலும் கொதிக்கும் மணலிலும் நிற்கிற செடி. பயிர் எள்ளுக்கு 26 குரோமோசோம், இதற்கு 32. அதனால் இரண்டையும் கலந்தால் விதை பிடிப்பதே அரிது. கடலைக்குப் பொலிவியாக் காட்டுச்செடி செய்த உதவியை எள்ளுக்கு இது செய்யுமா என்பது இன்னும் பல வருஷ ஆராய்ச்சிக்குரிய கேள்வி. இதற்கிடையில் இறால் பண்ணை, ரிசார்ட், சாலை என்று மணல்மேடுகள் மட்டமாகிக்கொண்டு வருகின்றன. விதை வங்கிக்குள் போகும் முன்பே ஒரு செடி அழிந்தால் திரும்ப எடுக்க முடியாது. அதைக் களை என்று கொத்தாமல் விட்டால் போதும்.

தென்னையில் அடித்தண்டில் சிவப்பாகச் சாறு வடிகிறது. நோய் தாங்கும் தென்னை உண்டா?

தஞ்சாவூர் வாடல் என்கிற அடித்தண்டழுகல். கேனோடெர்மா என்ற காளான் இனப் பூஞ்சாணம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். மானாவாரி மணல் தோப்புகளில் அதிகம்; ஆகவே மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இதைத் தாங்கும் தென்னை ரகம் என்று நம்பி வாங்கக்கூடியது எதுவும் இல்லை. மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, நோய்மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துவது, ஒரு மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயாமல் பார்ப்பது, வாழை ஊடுபயிர். செத்த மரத்தை வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்காமல் அதே குழியில் பிள்ளை வைக்காதீர்கள்.

உவர் நிலத்தில் எதிர்ப்பு ரகம் வேலை செய்யுமா?

இலைநோய் எதிர்ப்பு உப்பால் காணாமல் போகாது. ஆனால் கடலை உப்பைத் தாங்கும் பயிர் இல்லை. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 3.2 டெசிசீமன்ஸ் தாண்டினால் மகசூல் வேகமாக இறங்கும். நோயில்லாத செடியில் காயுமில்லை என்றால் என்ன பயன்? முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதியுங்கள். உப்பால் நலிந்த செடிக்குத்தான் வேரழுகலும் முதலில் வரும். வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

எதிர்ப்பு ரகம் போட்டால் மருந்து அடிக்கவே வேண்டாமா?

பல வருஷங்களில் வேண்டியிருக்காது. பனி நீண்ட வருஷத்தில் ஒன்று வேண்டியிருக்கலாம். சாதாரண ரகத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிக்கிற இடத்தில் இது ஒன்று. நோய் தெரிந்த தொடக்கத்தில் ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து. பதினைந்து நாள் கழித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள். அடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் நனைத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது.

காயில் வரும் பச்சைப் பூஞ்சாணத்துக்கும் எதிர்ப்பு உண்டா?

அஃப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸைக் கேட்கிறீர்கள். அதற்கு முழு எதிர்ப்புள்ள கடலை இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை. ஜே 11 என்ற பழைய ரகத்தின் விதைத்தோல், கீறல் இல்லாமல் இருந்தால் பூஞ்சாணத்தை ஓரளவு தடுக்கும். களைக்கொட்டு பட்ட காயில் அதுவும் பலிக்காது. கடைசி மாதம் வறண்டால் மண்ணுக்குள்ளேயே நச்சு ஏறிவிடும். பிடுங்கிய பிறகு ஈரத்தோடு குவித்தால் மேலும் ஏறும். ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏற்றுமதி இருக்கட்டும், செக்குக்குப் போய் நாம் தின்கிற எண்ணெயும் மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கும் இதே காய்தான். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும்.

இவ்வளவு நல்ல ரகங்கள் இருந்தும் எங்கள் கைக்கு ஏன் வருவதில்லை?

கடலையின் கணக்கு அப்படி. ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். மானாவாரியில் ஓர் ஏக்கர் நன்றாக விளைந்தால் உடைத்த பருப்பு 500, 600 கிலோ. அதாவது ஒரு பருவத்தில் விதை பத்து மடங்குதான் பெருகும். எள் ஏக்கருக்கு 2 கிலோ போதும், நூறு மடங்குக்கு மேல் பெருகும். எள்ளில் புது ரகம் இரண்டே வருஷத்தில் ஒரு வட்டாரத்தை நிரப்பிவிடும். கடலையில் ஆயிரம் ஏக்கருக்கு விதை சேர்க்கவே 50 டன் பருப்பு வேண்டும். விதைக் கம்பெனிகளுக்கும் இதில் ஆசை இல்லை: எடை அதிகம், சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க மாட்டார். ஆகவே அரசு விதைப் பண்ணையும் விவசாயிகளும் பெருக்கினால்தான் உண்டு. வருஷா வருஷம் டிப்போவில் பழைய ரகமே வந்து இறங்குவதற்கு அலட்சியமும் ஒரு காரணம் என்பேன், கணக்கு மட்டும் இல்லை.

சரி, எந்த ரகம்தான் போடுவது? வாங்கிய விதையை நாமே வைத்துக்கொள்ளலாமா?

துருவும் பின்பருவப் புள்ளியும் உங்கள் முதல் பிரச்சினை என்றால் ஜி.பி.பி.டி. 4, அல்லது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கோ 7 என்று வெளியிட்ட இக்ரிசாட் வரிசை ஐ.சி.ஜி.வி. 00351 ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். திண்டிவனம், விருத்தாசலம் நிலையங்களின் புதிய வெளியீடுகளில் எது இலைநோய் தாங்கும் என்று வட்டார வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ பெயர் சொல்லிக் கேளுங்கள்.

விதையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்ததைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்து விவசாயியோடு மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை தருகிறது. முத்திரை குத்திய பையில் அந்த ரகப் பெயரைப் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். கடலை தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் குணம் அப்படியே இருக்கும். வேற்று ரகச் செடி தெரிந்தால் பூக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். விதைக்கு வைப்பதை உடைக்காமல் காயாகவே வையுங்கள்.

புது ரகத்தை முதல் வருஷமே முழுக் காட்டிலும் போடாதீர்கள். நாலு சால் புதியது, நாலு சால் உங்கள் பழையது என்று பக்கத்துப் பக்கத்தில் ஒரே நாளில் விதையுங்கள். ஆராய்ச்சி நிலையம் செய்வதும் இதையேதான். எண்பதாம் நாள் இரண்டிலும் பத்துப் பத்துச் செடியில் நடுத்தண்டின் இலைகளை எண்ணுங்கள். அறுவடையில் காயைத் தனித்தனியாக எடை போடுங்கள். இலை நின்று காய் எடையும் கூடியிருந்தால் அடுத்த வருஷம் காட்டில் பாதிக்குப் போடலாம். இலை நின்றும் காய் குறைந்திருந்தால் அந்த ரகத்தின் வயது உங்கள் மழைக்கு நீளம் என்று அர்த்தம். வயது குறைந்த வேறொன்றைத் தேடுங்கள்.